இரண்டு நிமிடம் பத்து வினாடி

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முதுகு மட்டும் சுகமில்லை, அதுவும் பழகிவிட்டது. நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் தங்கை மூலமாகத்தான் தெரிந்துகொள்கிறேன். அவளிடம் பேசுகிறாய், அப்பாவிடம் பேசுகிறாய், நான் போனை வாங்கினால் மட்டும் உனக்கு வேலை வந்துவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, கவனித்தேன், அவ்வளவுதான். அப்பா இனிப்பை விட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பிஸ்கட் டப்பாவை என் கீபோர்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார், கட்டைகளுக்குள் எறும்பு புகுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது உன் அறையில்தான் வேலை செய்கிறேன். உன் அலமாரியைத் தொடவில்லை, தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

சீரியல் முடிகிற வழியாக இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் பின்னணி இசைக்கு நாற்பது பிட் போட்டுக் கொடுத்தேனே, அதையேதான் இன்னும் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். நான் வைத்த பெயர்களைச் சொல்லிச் சிரிப்பாயே, மாமியார் வருகை, சந்தேகம் சின்னது, சந்தேகம் பெரியது, அழுகை மூன்று. யார் செத்தாலும் அழுகை மூன்றுதான். கீழ்வீட்டு அம்மா அதைக் கேட்டதுமே கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுகிறார், எனக்குப் பல் கூசுகிறது.

இந்த வயதில் இசையமைக்க ஒரு சினிமா வந்தது, எனக்கு முதல் படம், தங்கை சொல்லியிருப்பாள். அதில் வீட்டை விட்டுத் தூரமாகப் போகிற மகனை அம்மா வாசலில் நின்று பார்க்கிற காட்சி, இரண்டு நிமிடம் பத்து வினாடி. ஒன்பது நாள் மல்லுக்கட்டினேன். குழல் போட்டேன், வயலின் போட்டேன், எதைப் போட்டாலும் அவள் முகத்தை அது மறைத்தது. கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அளவு தவறக்கூடாதே என்று அதே இரண்டு நிமிடம் பத்து வினாடிக்கு சத்தமே இல்லாத வெறும் ஃபைலாக, வரிசை எண் போட்டு அனுப்பினேன். வேண்டுமென்றேதான் இசை இல்லை என்று கூட ஒரு வரி எழுதியிருக்கலாம், அலுப்பில் விட்டுவிட்டேன். மிக்ஸிங் செய்கிறவர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்து, ஃபைல் கெட்டுப்போச்சு என்று முடிவு செய்து, அவசரத்துக்குக் கையில் இருந்ததை ஒட்டிவிட்டார். சீரியலுக்கும் அவர்தான் மிக்ஸிங், அவர் கையில் என்ன இருக்கும், அழுகை மூன்று. படத்தை ஓட்டிக் காட்டியபோது டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுக்குத்தாம்மா உங்ககிட்ட வந்தேன் என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அதற்கு அவர், மியூசிக்கே இல்லாம விட்டா அந்தம்மாவுக்குப் பிள்ளை மேல பாசமே இல்லன்னுல்ல நினைப்பாங்க என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான். நீ கிளம்பிய அன்று நானும் கழுத்தில் ஹெட்போனோடு வாசலில் நின்றேன், உன் பெட்டி லிஃப்டுக்குள் போகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்கு சீரியல்தான் பெரிசு என்று தங்கையிடம் சொன்னாயாம். நான்தான் அவள் வாயைப் பிடுங்கினேன், அவளைத் திட்டாதே. தம்பி, அன்றைக்கு அந்த ஹெட்போனில் எதுவும் ஓடவில்லை. வாயைத் திறந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் நின்றேன். அன்றைக்கும் கூட ஒரு வரி எழுதி உன் கையில் கொடுத்திருக்கலாம், இரண்டு வருஷம் கழித்து இப்போது எழுதுகிறேன்.

நாளைக்கு மிக்ஸிங் முடிகிறது. காலையில் போய் அதை எடுத்துவிடச் சொல்லி இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பேன், சண்டை போடத் தெம்பில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, கண்ணாடியை மாற்று. என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய், அழுகை மூன்றையே அவர்கள் வைத்துவிட்டாலும், படம் வந்ததும் அந்தக் காட்சியை மட்டும் நீ சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்.

உன் அம்மா