பெரியப்பா வீட்டு இரும்புக் கதவு

என் உயிர் அக்காவுக்கு,

அப்பாவோடு நான் பேசி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. ஏன் என்று, ஊரும் அறியட்டும், உனக்கே சொல்லிவிடுகிறேன்.

அன்னூரில் பெரியப்பா வாடகைக்கு விடும் வீட்டுக்கு நீயும் மாமாவும் குடிபோனபோது, சொந்தக்காரர் வீடு, பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். முதல் மழையிலேயே சுவர் ஊறி, இரும்புக் கதவைத் தொட்டால் சுரீரென்றது. நான் வந்திருந்த அன்றும் நீ கேட்டாய்.

“பெரீப்பா, கதவுல ஷாக் அடிக்குதுங்க. கொழந்தை இருக்கற ஊடுங்க. ஒயரை மாத்திக் குடுங்க.”

“மழை நின்னா சரியாப் போயிரும் கண்ணு. நம்மூட்டுப் புள்ளைய அப்படி உட்டுப்போடுவனா?”

நீ நம்பினாய். ஆனாலும் பாப்பாவைப் பின்னால் நிறுத்திவிட்டு நீதான் கதவைத் திறப்பாய். பிறகொரு நாள் காலையும் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்ததும் அப்படித்தான் திறந்தாய். கை கதவோடு ஒட்டிக்கொண்டது. மாமா ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் பெரியப்பாதான் சத்தமாக அழுதார். அழுத முகத்தோடு போலீஸிடம், “புள்ளை ஈரக் கையோட சுவிட்சைத் தொட்டுப்போட்டா சார்” என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பக்கத்தில் நின்று அப்பா தலையாட்டினாரே, அக்கா! அவருக்கே ஒருமுறை அந்தக் கதவில் ஷாக் அடித்ததை மறந்துவிட்டாரா?

“ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?”

“போனவ போயிட்டா அம்மணி. அண்ணனைக் கோர்ட்டுக்கு இழுத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

உன்னைவிடவா பெரிது அந்த நாலு பேரின் பேச்சு?

நானும் மாமாவும் நடந்ததை ஸ்டேஷனில் சொன்னோம். வந்து பார்த்த மின்வாரிய ஆட்கள், ஒயர் தோல் உரிந்து கதவு நிலையில் பட்டிருக்கிறது, எர்த்தும் இல்லை என்றார்கள். வழக்கு நடக்கிறது. பெரியப்பா சுவருக்குப் பெயிண்ட் மட்டும் அடித்து, வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். கைக்குழந்தையோடு அன்று சாயங்காலமே காலி செய்துவிட்டார்கள். “குடும்ப மானத்தை வாங்கிட்டா” என்று அப்பா சொன்னாராம்.

பாப்பா இப்போது என்னோடுதான் தூங்குகிறாள். யாரோ அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். “சித்தி, அம்மா ஈரக் கையோட தொட்டதாலயா செத்துப்போச்சு?”

“இல்ல கண்ணு. கதவுல கரண்ட் வந்துச்சு. உங்கம்மா ஒரு தப்பும் பண்ணல.”

இதையேதான் கோர்ட்டிலும் சொல்வேன் அக்கா. எதிர்ப்பக்கம் அப்பாவே வந்து நின்றாலும் சொல்வேன்.

என்றும் உன் கூடப்பிறந்தவள்,
மைதிலி