தோள் உயரும் வரை

மார்ச் 3, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு வேதியியல், மூன்றாம் மெய்ப்பு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு படமும் இன்னொரு படத்தின் விளக்கமும் ஜோடி சேர்ந்து கிடந்தன. இரண்டாம் மெய்ப்பிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. பதிப்பகத்தின் பிரிவுத் தலைவரிடம் கொண்டு போனேன். "சின்ன விஷயம் சார், விடுங்க" என்றார். அவருக்கு எல்லாமே சின்ன விஷயம். எனக்கு வரவேண்டிய பதவியை ஏழு வருடத்துக்கு முன் அவர் வாங்கிக்கொண்டதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மேசையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தேன். அடியில் இரண்டு நுழைவுச் சீட்டுகள். பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்தரை. அவனுடைய இசைக்குழு.

அவன் என்றால் என் மனைவியின் தம்பி. இந்த நோட்டில் அவனைப் பற்றி எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது.

சீட்டுகளை வைத்தவள் சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரத்தை அவசியமில்லாத சத்தத்தோடு கழுவிக்கொண்டிருந்தாள். கூட்டைத் திரும்ப அவற்றின் மேலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

சீட்டுகள் அங்கேயே இருக்கின்றன. மேசையை அவற்றைச் சுற்றித் துடைத்திருக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

தூக்கம் சரியில்லை, அதனால் காலையிலேயே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அந்தக் குழுவில் நான்கு பேர். அவன் கிடார், அவனுடைய இரண்டு நண்பர்களில் ஒருவன் பேஸ், ஒருவன் டிரம்ஸ். மூன்றும் கல்லூரியை அப்போதுதான் முடித்திருந்த பயல்கள். நான்காவது நான், பாட்டு எழுதிப் பாடுகிறவன். முப்பது வயது, கல்யாணம் ஆனவன், வேலையில் இருப்பவன். "அத்தான் இருந்தாதான் எங்களுக்கு ஒரு மரியாதை" என்று இழுத்து விட்டவனே அவன்தான். எங்கள் வீட்டு மாடி அறையில் பயிற்சி. அவள் மணிக்கு ஒருமுறை நான்கு கோப்பைத் தேநீரோடு படியேறி வருவாள்.

முதல் ஒலிப்பதிவுக்கு அரை நாள் விடுப்புப் போட்டுப் போனேன். கூடத்தின் வெளி அறையில் யாரும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றார்கள், எனக்கு முதுகு காட்டியபடி. வெளி அறை ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருக்கிறார்கள். நான் இல்லாமல் என் பாட்டை வாசித்து முடித்தார்கள். அப்புறம் அவன் குரல்: "அத்தான் பாடாமலே நல்லா இருக்குல்லடா? அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

மற்ற இருவரும் மறுக்கவில்லை. அதையும் கேட்டேன்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். பயிற்சிக்கு வைத்திருந்த டிரம்ஸ் முழுவதையும் ஒவ்வொன்றாக மாடியிலிருந்து இறக்கி வாசலில் வைத்தேன். சாயங்காலம் அவன் வந்தபோது சொன்னேன்: "இதை எடுத்துட்டுப் போ. இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே."

அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் கால் வைக்கவும் இல்லை. சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற பிள்ளை! பாட்டே இல்லாத ராக் குழு என்று இப்போது பெயர் பெற்றிருக்கிறார்கள். என்னைக் கழித்ததுதான் அவர்களுடைய பாணி.

அவள் தம்பியை அவளுடைய அக்கா வீட்டில் போய்ப் பார்ப்பாள். திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். ஒரு நாளும் என்னிடம் பரிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும்.

மார்ச் 9, திங்கள்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நான் சனிக்கிழமை போறேங்க."

"எங்கே?"

"எங்கேன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க. நீங்க வந்தா சந்தோஷம். வரலைன்னா நான் தனியாப் போறேன்."

"காது போயிடும்."

"போனா நல்லதுதான். உங்க புலம்பலாவது கேக்காம இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு நாப்பத்தெட்டு வயசாச்சு" என்றாள். "அவன் மேடையில வாசிச்சு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஊர்ல எல்லாரும் பார்த்தாச்சு. உங்க மனசு நோகுமேன்னுதான் போகலை. இப்ப உங்களுக்கு நோகுறதா எனக்கு நோகுறதான்னு யோசிச்சேன்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் போட்ட நிபந்தனை இல்லை அது. அவன் வீட்டுக்கு வரக் கூடாது என்றேனே தவிர, இவள் போகக் கூடாது என்று எப்போது சொன்னேன்? சொல்லவில்லை. சொல்லாமலே நடக்க வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

அலுவலகத்தில் எதிர் மேசைப் பெண் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் விடுப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அதே நிகழ்ச்சிக்காம். நானும் போகலாமா என்று பார்க்கிறேன் என்றதும் பேனாவை வைத்துவிட்டாள்.

"நீங்களா? அங்கேயா? சார், அங்க மேடையில தப்பு கண்டுபிடிச்சா வட்டம் போட முடியாது, தெரியும்ல?"

கிடார் வாசிப்பவன் என் மைத்துனன் என்று சொல்லவில்லை. சொன்னால் நுழைவுச் சீட்டைப் பிடுங்கிக்கொள்வாள் போலிருந்தது.

வீட்டில் நீலச் சட்டை தேய்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கிறது. வருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே?

மார்ச் 15, ஞாயிறு காலை

நேற்று போனோம்.

பழைய கிடங்கு ஒன்றை அரங்கமாக்கியிருக்கிறார்கள். உட்கார இடமே கிடையாது, எல்லாரும் நிற்க வேண்டுமாம். கூட்டத்தில் எங்களைவிட மூத்தவர் ஒருவரும் கண்ணில் படவில்லை. அவள் கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து என் காதில் வைத்தாள், குழந்தைக்கு வைப்பது போல. எதிர் மேசைப் பெண் எங்கிருந்தோ ஓடி வந்து, "சார், நிஜமாவே வந்துட்டீங்க! அக்கா, நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. மூன்று பேர் வந்தார்கள். அவன் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. இருபத்துமூன்று வயதில் நிறுத்திவைத்திருந்தேன் அவனை.

முதல் அடி விழுந்தபோது தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. பேஸ் கிடாரின் ஒலி விலா எலும்பில் போய் உட்கார்ந்தது. நான் வழக்கமாகச் செய்கிற வேலையைத்தான் செய்தேன்: பிழை தேடினேன். இரண்டாவது உருப்படியில் பேஸ்காரன் ஓரிடத்தில் தடுக்கினான். பிடித்துவிட்டேன். எவ்வளவு மகிழ்ச்சி! பக்கத்தில் திரும்பினேன். அவள் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, வாய் லேசாகத் திறந்து, தம்பியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் என்னால் தேட முடியவில்லை.

ஐந்தாவது உருப்படி. முதல் இரண்டு தாளச் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. மாடி அறையில் பிறந்தது. என் பாட்டு.

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் உட்கார்ந்தே இல்லை. நின்றேன். முன்னிசை வளர்ந்து வளர்ந்து உச்சிக்கு வந்தது. அடுத்தது பாடல் தொடங்கும் இடம். எதிர் மேசைப் பெண் என் முழங்கையைத் தொட்டாள். "இந்த இடம்தான் சார். யாரும் மூச்சு விட மாட்டாங்க பாருங்க."

எல்லாம் நின்றது. டிரம்ஸ்காரன் மட்டும் குச்சியால் விளிம்பில் டிக், டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தான். அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள்.

எனக்கு அந்த டிக் தெரியும்.

நான் சரியான இடத்தில் பாட்டை எடுத்ததே இல்லை. கண்ணை மூடுவேன், முதல் வரியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன், அதற்குள் தாளம் தாண்டிப் போயிருக்கும். ஒருநாள் ஐந்து தட்டு தாமதம், ஒருநாள் ஏழு, ஒருநாள் எத்தனையோ. திட்டிப் பார்த்தார்கள், கையைக் காட்டிப் பார்த்தார்கள். கடைசியில் டிரம்ஸ்காரன் ஒரு வழி கண்டுபிடித்தான். பாட மூச்சை இழுக்கும்போது என் வலது தோள் மேலே போகுமாம். அதைப் பார்த்துக்கொண்டு, அதுவரை விளிம்பில் தட்டிக்கொண்டே இருப்பான். தோள் உயர்ந்ததும் எல்லாரும் சேர்ந்து வாசிப்பில் விழுவார்கள். என் பிழையை மறைக்க அவர்கள் செய்த ஏற்பாடு.

நேற்று டிரம்ஸ்காரன் மேடையின் முன்பக்கம் பார்த்தபடி தட்டினான். அவன் பார்த்தது என் மைத்துனனின் முதுகை. மைத்துனன் கண்ணை மூடி நின்றான். நேரம் போனது. பின்பு அவனுடைய வலது தோள் மெதுவாக மேலே போனது.

விழுந்தார்கள். கூடம் முழுக்கக் கத்தியது.

"உங்க தோளுங்க" என்றாள் அவள், என் காதுப் பஞ்சை விலக்கி. "அது உங்க தோள்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எதிர் மேசைப் பெண், "எனக்கும் முதல் தடவை இப்படித்தான் சார் ஆச்சு" என்றாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். அவன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அக்காவைக் கட்டிக்கொண்டான். அப்புறம் என்னைப் பார்த்து, சுருட்டிய வயரைக் கீழே வைப்பதா கையில் வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றான்.

"வாங்க அத்தான்."

நான் கேட்டது இதுதான்: "அந்த இடத்துல எத்தனை எண்ணுறீங்க?"

"எண்ணுறதில்லை அத்தான். எண்ணி வாசிச்சுப் பார்த்தோம், செத்த பாட்டு மாதிரி இருந்துச்சு. நீங்க என்னிக்கு எண்ணி எடுத்தீங்க?"

"கிண்டலா?"

"இல்ல அத்தான். நிஜமா." வயரைக் கீழே வைத்தான். "வெளி ஸ்பீக்கர் ஓடிட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தோம். அன்னிக்கு நேர்ல வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

நான் நன்றாகப் பாடவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். இதை அவனிடம் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. வேறு எதுவோ வந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க அக்கா நம்ம வீட்டுலதான் இருப்பா."

"நீங்க?"

"என் வீட்டை விட்டுட்டு நான் எங்கடா போறது?"

மார்ச் 18, புதன்

சன்னல் திரைகளைத் துவைத்திருக்கிறாள். எல்லாவற்றையும். ஒரு மனிதன் வருவதற்கு இவ்வளவா?

மார்ச் 22, ஞாயிறு

வந்தான். காலணியைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்றே இருந்தான். "என்னடா, தாம்பாளத்தோட அழைக்கணுமா?" என்றேன். வந்தான்.

ஆள் திருந்தவில்லை. கையைக் கழுவிவிட்டு என் துண்டில் துடைத்தான். செய்தித்தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் போட்டான். நான் வழக்கமாக உட்காரும் சாய்வு நாற்காலியில் கேட்காமல் சாய்ந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கியும் போனான். வாய் திறந்து, லேசான குறட்டையோடு.

அதனால் நான் சுவரோரத்து முக்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. அங்கிருந்து பார்த்தால் சமையலறை முழுவதும் தெரிகிறது. இந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியாது. அவள் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்போதோ காய்ந்துவிட்ட தட்டு. குறட்டையைக் கேட்டுக்கொண்டு, சிரித்தபடி, துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் முக்காலியை நகர்த்தவில்லை. சத்தம் வருமே.