காயம் எதுவும் இல்லை

மார்ச் 4
காவல் நிலையத்திலிருந்து இன்று பதினோரு பேர். சிறைக்கு அனுப்புமுன் என் மருத்துவச் சான்றிதழ் வேண்டுமாம். அரை மணியில் அனைவரையும் முடித்தேன். “காயம் எதுவும் இல்லை” என்று என் கை தானாகவே எழுதுகிறது.

மார்ச் 9
ஒரு வக்கீலம்மா வந்தார். போன வருடம் நான் சான்றிதழ் கொடுத்த லாரி டிரைவரின் வழக்கு. அடித்துத்தான் மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வைத்தார்களாம். மறுநாள் சிறை மருத்துவர் எடுத்த படத்தைக் காட்டினார். இரண்டு உள்ளங்காலும் கன்றிக் கறுத்திருந்தன. அடி சிறையில் விழுந்தது என்று போலீஸ் சாதிக்கிறது. ஆதாரம், என் சான்றிதழ்.

“ஷூவைக் கழட்டச் சொன்னீங்களா, டாக்டர்?”

சொல்லவில்லை. லாரி ஓட்டுகிறவருக்கு யார் அவ்வளவு பெரிய ஷூ மாட்டிவிட்டது என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. பாவி நான்.

மார்ச் 10
வக்கீல் விட்டுப்போன ஐ.நா. கையேட்டைப் படித்தேன். காவலரை வெளியே அனுப்பு, உடை களைந்து பார், பாதத்தைப் பார். நம் நாடு சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இருபது வருடமாம். சரி, ஒரு மனுஷனின் காலைப் பார்க்க எனக்கு ஐ.நா. சபை எதற்கு?

மார்ச் 16
சாட்சி சொல்லப் போகிறேன் என்றதும் வீட்டில் இவருக்குக் கோபம். “வேலில போற ஓணானை எடுத்து எதுக்கு மடியில விட்டுக்கிற? வேலை போயிடும்.” போகலாம்தான். பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2
கூண்டில் ஏறி, பார்க்காமலே எழுதினேன் என்றேன்.

“அன்னைக்குப் பொய் எழுதினவங்க இன்னைக்கு உண்மை பேசறாங்கன்னு எப்படி நம்பறது?” என்றார் அரசு வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான கேள்வி, வேறென்ன.

ஏப்ரல் 11
பொய்ச் சான்றிதழ் தந்ததற்கு விளக்கம் கேட்டு இலாகா கடிதம்.

மே 6
தீர்ப்பு. ஒப்பந்தம் மதிப்புக்குரியதாம், ஆனால் அதற்கென்று இங்கே இன்னும் சட்டம் இயற்றவில்லையாம். ஒரு வருடம் கழித்துச் சொல்லும் வாய்மொழியைவிட, அன்றே எழுதிய சான்றிதழே நம்பத் தக்கதாம். வாக்குமூலம் செல்லும். பத்து வருடம்.

வராந்தாவில் டிரைவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்களாவது வந்து சொன்னீங்களே, டாக்டரம்மா.” ஐயோ, திட்டித் தொலைத்திருக்கலாம்.

மே 19
என் மீதான நடவடிக்கையைக் கைவிட்டார்கள். என் சான்றிதழ் சரியானதே என்று நீதிமன்றமே ஏற்றுவிட்டதாம்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்று இவர் சிரித்தார்.

போனது என் தலை இல்லை. வாஸ்தவம்தான்.