கடைசிப் பாதையில் இறங்காதவர்கள்

2023 செப்டெம்பர் 4, திங்கள்

இன்றும் சோறு மிஞ்சிவிட்டது. தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒருவனுக்கு மட்டும் உலை வைக்கக் கை இன்னும் பழகவில்லை.

மகள் விதுர்ஷாவுக்கு வாவியின் அந்தப் பக்கம், எழுவான்கரையில், புடவைக் கடையில் வேலை. கடை பூட்ட ஏழு மணி. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிவரும் கடைசிப் பாதை, அந்த இரும்புத் தெப்பம், ஆறு மணிக்கே நின்றுவிடும். அங்கேயே அறை எடுத்துவிட்டாள்.

"பாதை இல்லாம நான் என்ன நீந்தியா வாற, அப்பா?"

சும்மா சாட்டு. தாய் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பஸ் மாறியாவது வந்திருப்பாள்.

செப்டெம்பர் 7, வியாழன்

கேதீஸ்வரி வந்தாள். பாலர் பாடசாலை ஆசிரியை. ஊர்ச் சங்கத்தை இப்போது அவள்தான் இழுத்துக்கொண்டு திரிகிறாள். பாதையை ஒன்பது மணிவரை ஓட்டச் சொல்லி மனுக் கொடுத்தார்களாம். ஆறுக்குப் பிறகு ஓட்ட விதியில் இடமில்லை என்று பதில். கையெழுத்து உதயரூபனுடையது.

சிரிப்பு வந்தது. நானும் அவனும் ஒரே நாளில் நேர்முகப் பரீட்சைக்குப் போனவர்கள். என்னிடம் பட்டம் இருந்தது. அவனுக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. அவன் இப்போது பாதைக்குப் பொறுப்பான அதிகாரி, நான் இன்றும் எழுதுவினைஞன்.

"அவனிட்ட நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

"கேக்க வேணாம் அண்ணன். சும்மா ஏறி இருங்க. ஆக்கள் இறங்கினாத்தானே அது கடைசிப் பயணம்? நாம இறங்காம இருப்பம்."

பைத்தியம்.

செப்டெம்பர் 11, திங்கள்

வேடிக்கை பார்க்கத்தான் துறைக்குப் போனேன். ஆறு மணிப் பாதையில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

அந்தக் கரை வந்தது. யாரும் இறங்கவில்லை. ஓட்டுபவர் தலையைச் சொறிந்துவிட்டுப் பாதையைத் திருப்பினார். இந்தக் கரையிலும் யாரும் இறங்கவில்லை. மறுபடி திருப்பினார். வெளிச்சம் வடிய வடிய வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாயின. நாங்கள் அசையாமல் நிற்க, கரைகள்தான் முறைவைத்து எங்களைப் பார்க்க வந்துபோவது போலிருந்தது. கண்டல் மரங்கள் மிதந்தன. பேச்சுக் குரல்கள்கூட நனைந்து வந்தன.

காத்தான்குடியிலிருந்து புடவை விற்க வரும் அசனார் பக்கத்தில் நின்றார். "சேர், மஃரிப் தொழுகைக்குள்ள வீட்ட வாறண்டு சொல்லிப்போட்டு வந்த நான். இப்ப கேட்டா, வாவிக்குள்ள குடித்தனம் வெச்சிட்டன் எண்டா சொல்ற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஏழு தாண்டி, வேலை விட்ட பெண்பிள்ளைகள் அந்தக் கரையில் நின்றார்கள். ஏறினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை.

செப்டெம்பர் 12

இன்றும் போனேன். ஏன்?

செப்டெம்பர் 14, வியாழன்

உதயரூபன் ஜீப்பில் வந்தான். எங்களை அதட்டி இறக்குவதற்காகப் பாதையில் ஏறினான். பாதை புறப்பட்டுவிட்டது.

"நிப்பாட்டச் சொல்லுங்க!"

"கரை வரட்டும் சேர். நாங்களும் அதுக்குத்தான் நிக்கிறம்" என்றாள் கேதீஸ்வரி.

நடு வாவியில் என் பக்கம் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. "நீயுமா மச்சான்? உனக்கு என்ன வேணும்?"

இருபது வருடமாக மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த வசனங்கள். ஒன்றாவது வாயில் வர வேண்டாமா?

"மகள் வீட்ட வரணும் மச்சான். வேற ஒண்டுமில்ல."

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இறங்கும்போது யாரையும் அதட்டவில்லை.

மச்சான் என்று சொன்னதற்கு என்னையே இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறேன். அவனை நான் மன்னிக்கவில்லை. அது வேறு விஷயம்.

ஒக்டோபர் 2, திங்கள்

விதி மாறிவிட்டது. இன்றிலிருந்து கடைசிப் பாதை ஒன்பது மணிக்கு. கேதீஸ்வரி துறையிலேயே இருந்து அழுதாள்.

விதுர்ஷாவிடம் சொன்னேன். "பாப்பம் அப்பா" என்றாள்.

பாப்பமா? அப்படியென்றால் தடுத்தது பாதை இல்லை. நான்தானோ?

ஒக்டோபர் 5

துறைக்குப் போனேன். வரவில்லை.

ஒக்டோபர் 11

துறை. விளக்கு நெளியும் தண்ணீர். சோறு மிச்சம்.

ஒக்டோபர் 17, செவ்வாய்

நேற்று நான் துறைக்குப் போகவில்லை. வீம்பில் நேரத்தோடு படுத்துவிட்டேன். கதவுக்குத் தாழ் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம்.

காலையில் பழஞ்சோறு எடுக்கக் குசினிக்குப் போனால், பானை கழுவிக் கவிழ்த்திருக்கிறது. வாசலில் அவளின் செருப்பு. துறைச் சேறு இன்னும் காயவில்லை.

எழுப்பவில்லை. உலை வைத்தேன். அரிசியின் அளவு கைக்குத் தெரிந்திருந்தது.