பென்சில் புள்ளியும் சிகேனரியும்

9 ஏப்ரல் 1979, திங்கள்
விடியும்போதே அனல். பானைக்கு அடியில் மணல் மாற்ற வேண்டும். வாங்க வேண்டியவை: சீயக்காய், நீல மை, தபால் கவர்.

பதினோரு மணிக்குத் தபாலில் மெமோ. என் பெயருக்கு! வராத பிள்ளைகளை வந்ததாக வருகைப் பதிவேட்டில் காட்டினேனாம். ‘சிகேனரி’ செய்தேனாம். ஏழு நாளில் விளக்கம். இல்லாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது. மற்றதெல்லாம் புரிந்தது, அந்த ஒரு இங்கிலீஷ் சொல்தான் புரியவில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டேன். (பள்ளியில் நாங்கள் இரண்டே பேர், த.ஆ.வும் நானும்.) ஆபீஸ்காரர்கள் என்னென்னமோ எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

10, செவ்வாய்
பள்ளி விட்டதும் ஜெயங்கொண்டம் நூலகம். பஸ்ஸில் நின்றுகொண்டே. அகராதி மேல் தட்டில், ஒரு விரல் தூசி. சிகேனரி: சட்டம் பேசுவதுபோல் பேசி, எழுதி, சூதாகப் பிறரை ஏமாற்றுவது. மூன்று முறை படித்தேன்.

யார் செய்தது சூது? பங்குனி, சித்திரையில் முந்திரி விழும். பாதிக்கு மேல் பிள்ளைகள் தாய் தகப்பனோடு காட்டில். போன வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்ததும் த.ஆ. சொல்லிக்கொடுத்த வழக்கம் இது: வராத பிள்ளைக்குப் பென்சிலில் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் அவர் தன் கறுப்பு மைப் பேனாவால் புள்ளி மேல் கோடு போடுவார். பிள்ளை வந்ததாகிவிடும். வருகை குறைந்தால் ஓர் ஆசிரியர் இடம் போய்விடுமாம். போவது பின்னால் வந்த என் இடம். வாயை மூடிக்கொண்டு புள்ளி வைத்தேன்.

போன மாதம் கல்வி அதிகாரி திடீரென்று வந்து தலை எண்ணிப் போனார். மறுநாளே இந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுத்து எழுதியிருக்கிறார். மெமோவின் உச்சியிலேயே இருக்கிறது, ‘பார்வை: த.ஆ. அறிக்கை’ என்று. நேற்று ஆத்திரத்தில் கண்ணில் படவில்லை.

11, புதன்
சோறு இறங்கவில்லை. மாவு புளித்துவிட்டது.

மாலையில் நாலாம் வகுப்புச் செல்வியின் அம்மா வந்தாள். முந்திரி எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த கை. மகள் பெயரை அடித்துவிட வேண்டாம், காட்டு வேலை முடிந்ததும் அனுப்புகிறேன் என்றாள். நான் என் கதையைக் கொட்டிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பித்தலாட்டம் என்றேன்.

“அதுக்குப் போயி இங்கிலீசு எதுக்கு டீச்சர்? நம்ம வாயில இல்லாததா?”

த.ஆ.வுக்கு அங்கேயே மூன்று சொல் கொடுத்தாள். ஒன்றையும் இங்கே எழுத முடியாது. காதுக்கு இதமாக இருந்தது.

ஆனால் புள்ளி வைத்தது என் கைதானே. அந்தச் சொல்லில் எனக்கும் பங்கு உண்டு. அதை நினைத்தால் அவர் மேல் இன்னும் கோபம் வருகிறது.

12, வியாழன்
காற்றே இல்லை. விளக்கம் எழுதி, பள்ளிக்குப் போகும் வழியில் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. தமிழில், ஒன்றரைப் பக்கம். புள்ளிகள் நான் வைத்தவை. கறுப்பு மைக் கோடுகள் என்னுடையவை அல்ல, என் பேனாவில் என்றும் நீல மைதான். பதிவேட்டை வரவழைத்துப் பார்க்கவும்.

பத்து மணிக்கு வகுப்பு. பதிவேட்டைப் பிரித்தேன். த.ஆ. பென்சிலை நீட்டினார்.

“வழக்கம்போல புள்ளி வச்சுருங்க டீச்சர். எண்ணிக்கை கொறஞ்சா போறது உங்க போஸ்ட்டுதான்.”

என்ன ஜென்மம் இது! எனக்கு மெமோ வாங்கிக்கொடுத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பென்சிலை வாங்கி ஜன்னல் வழியாக வீசினேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு நீல மையில் எழுதினேன். வரவில்லை. வரவில்லை. வரவில்லை. செல்விக்கும் அதுதான், பெயரை அடிக்கவில்லை. த.ஆ. வாசலிலேயே நின்றார்.

பள்ளிக்கே மொத்தம் முப்பத்தெட்டில் வந்தது பதினொன்று. பதினொரு பிள்ளைக்கு ஒரு வாத்தியார் போதும். தெரிந்துதான் கீழே கையெழுத்துப் போட்டேன்.