மூன்று வேளையும் கூப்பிடுகிறார்

திருச்செங்கோடு
12.11.2025

அன்புள்ள வாஜித் அண்ணாவுக்கு,

ஜெயபிரகாஷ் வீட்டுக் கோகிலவாணி எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. நீங்களாவது அந்தச் சத்தீஸ்கர் காட்டில் நல்லபடியாக இருக்க வேண்டும். உங்கள் போன் போகவே மாட்டேன் என்கிறது. அதனால் நீங்கள் இப்போது வேலை செய்யும் போர்வெல் ரிக் வண்டிக்குத் துளை போடும் ராடு ஏற்றி வரும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். முழுதும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

ஆவணியில் இவருக்குப் பக்கவாதம் வந்ததை, நீங்கள் எப்போதாவது வீட்டுக்குப் பேசியபோது சபீஹா அண்ணி சொல்லியிருப்பார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு அடியோடு போய்விட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. "ஞாபகம் இருக்குதா இல்லையான்னே சொல்ல முடியலீங்க, ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றுவிட்டார் டாக்டர்.

மாத்திரை நேரத்துக்குப் போனில் மணி அடித்தால் இவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆகவே எங்கள் தமிழினி தன் வாட்சை அவர் இடது கையில் கட்டிவிட்டாள். அது சத்தமில்லாமல் அதிர மட்டும் செய்யும். ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இது நீளம், குட்டை, நீளம்னு அதிருது. காலேஜ் என்.சி.சி.யில மோர்ஸ் சொல்லிக்குடுத்தாங்க, அதுல இது K. 'நான் முடிச்சுட்டேன், இனி நீ சொல்லு'ன்னு அர்த்தம்" என்றாள். வாட்ச் செய்தவன் இதையெல்லாம் நினைத்தா செய்திருப்பான்! ஆனால் அதிர்வு நின்றதும் இவருடைய சுட்டுவிரல் கட்டில் கம்பியில் தட்டியது. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு.

நரம்பு இழுக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வேளையும் அதே, மறுநாளும் அதே. தமிழினி அதையும் மோர்ஸ் என்றே எண்ணி, I, E என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். "உங்கப்பனுக்கு இங்கிலீஷ்ல கையெழுத்தே வராது சாமி, தந்தி அடிக்கிறாராக்கும்!" என்று நான்தான் ஏசினேன்.

ஞாயிற்றுக்கிழமை, முன்பு நீங்களும் இவரும் ஒன்றாக இருந்த ரிக்கில் சமையல் செய்த கண்ணுசாமி அண்ணன் பார்க்க வந்தார். விரல் தட்டியதைப் பார்த்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கம்ப்ரசர் சத்தத்தில் காது கேட்காது என்று, ஸ்பேனரால் ராடில் தட்டித்தான் பேசிக்கொள்வீர்களாமே? ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் தூக்கு, மூன்று என்றால் இறக்கு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. "ஆனா ரெண்டு அடிச்சு, விட்டு ஒண்ணு அடிச்சா அது வேலைக்கில்லீங்க அம்மிணி. வாஜித்தைக் கூப்பிடறதுக்குன்னே இவரு வெச்சிருந்தது. நாங்க யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்" என்றார்.

நான் அழுதுவிட்டேன் அண்ணா. மனுஷர் உள்ளேதான் இருக்கிறார்! கொஞ்சம் பொறாமையும் வந்தது. இருபது வருஷம் சோறு போட்டவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், கூப்பிடுவது உங்களை.

போன வருஷம் ராடு குழிக்குள் விழுந்தபோது, எல்லார் முன்னாலும் "இனி என் வண்டியில ஏறாதே" என்று இவர் உங்களைச் சொன்னது பெரிய தப்பு. "ராடைச் சரியாப் பூட்டாதது நான்தான்" என்று ஊருக்கு வந்ததும் என்னிடம் ஒத்துக்கொண்டார். உங்களிடம் சொல்ல வீம்பு விடவில்லை. இன்றைக்குச் சொல்ல நினைத்தாலும் வாய் வராது.

கண்ணுசாமி அண்ணன் பதிலுக்குத் தட்டிப் பார்த்தார், தமிழினியும் தட்டினாள். இவர் விரலை மடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் கூப்பிட்டால் நீங்கள் எப்படிப் பதில் தட்டுவீர்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அதை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

இப்போது மனம் மாறிவிட்டது. லாரி திரும்பும்போது நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் சாமியும் உங்கள் அல்லாவும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பதிலை எழுதி அனுப்ப வேண்டாம் அண்ணா. வந்து தட்டுங்கள்.

வழி பார்த்திருக்கும் தங்கை,
கோகிலவாணி