பதினோராவது படம்

மார்ச் 8, ஞாயிறு.

எங்கள் கால்பந்து மன்றச் சுவரில் சிறந்த ஆட்டக்காரர்கள் பதினோரு பேரின் படங்களை மாட்டப்போகிறோம். பத்துப் பேர் முடிவாகிவிட்டது. கடைசி இடம் எனக்கா முருகனுக்கா என்று மாலை முழுக்க வாதம்.

"தாமல் மேட்ச்ல கோல் போட்டு கப்பு வாங்கிக் குடுத்தது யாருபா?" என்றார் தலைவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பந்தை அடித்தவன் முருகன். கோலுக்கு முன் ஒரே கூட்டம். நான்தான் முதலில் கத்திக்கொண்டு ஓடினேன். நடுவர் என் நம்பரை எழுதிக்கொண்டார். நான் அன்றும் திருத்தவில்லை, இன்றும் திருத்தவில்லை.

என் பெயருக்குக் கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியவன் முருகன். "பேசிக்கினே இருக்காம அவனையே போடுங்கபா, எனக்குத் தறியில வேலை இருக்குது" என்று எழுந்து போனான்.

நாளைக்குப் படம் எடுக்கிறார்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.